"கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று இனி சொல்லாதீர்கள்: மகளிர் நல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். திருச்சியில் வேலைக்குப் போகும் பெண்களும் மேற்படிப்புப் படிக்கும் பெண்களும் தங்கும் விடுதி ஒன்றில் நான் காப்பாளராக இருக்கிறேன். எல்லோரும் 18 வயதைக் கடந்தவர்கள். பெரும்பாலும் அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை, கரூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆட்டோ பிடித்துக் கூடவே வருவது என் வேலை. அதனால் உங்கள் கிளினிக்குகளின் வாசலிலும் பெரிய ஆஸ்பத்திரியின் ஓபி வரிசையிலும் பல மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று திரும்பி வரும் வழியில் கேட்பேன். சிலர் சொல்வார்கள். சிலர் அன்று இரவு மெஸ்ஸுக்கே வரமாட்டார்கள்.

உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றுதான். தன் உடம்பைப் பற்றி ஒரு இளம்பெண் முதன்முதலாக ஒரு வெளியாளிடம் வாய்திறப்பது பெரும்பாலும் உங்கள் அறையில்தான். அம்மாவிடம் பேசாததை, தோழியிடம் பாதியாகச் சொன்னதை, உங்கள் முன்னால் திக்கித் திணறிச் சொல்கிறாள். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் இரண்டு வரி, தான் விரும்பத் தகுந்தவளா இல்லையா என்ற அவளது முடிவாகவே ஆகிவிடுகிறது. பின்னால் அவள் காதலிக்கும்போதும், கல்யாணம் செய்துகொள்ளும்போதும், கணவன் விளக்கை அணைக்கப் போகும்போதும் அந்த வரி கூடவே இருக்கிறது.

பிசிஓடி-யிலிருந்து தொடங்குகிறேன். பிசிஓஎஸ் என்றும் சொல்கிறார்கள்; ஹார்மோன்களின் சமநிலை குலைந்து மாதவிடாய் தப்பிப்போகும் கோளாறு. எங்கள் விடுதியிலிருந்து உங்களிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். இரண்டு மூன்று மாதம் பீரியட்ஸ் வராமல் இருக்கும். தாடையில் முடி, கன்னத்தில் பரு, உச்சியில் முடி கொட்டல், கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கும். ஸ்கேன் பார்க்கிறீர்கள். பிறகு சொல்லப்படுவது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றேதான். "வெயிட்டைக் குறை. இல்லன்னா நாளைக்குக் குழந்தை தங்காது." அல்லது, "பயப்படாத, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்." அருகில் அம்மா இருந்தால் அவரைப் பார்த்து, "சீக்கிரம் மாப்பிள்ளை பாருங்கம்மா."

அந்தப் பெண் கேட்க வந்தது குழந்தையைப் பற்றி அல்ல. தாடையில் ஏன் முடி வருகிறது, தான் முழுப் பெண்தானா என்று கேட்க வந்தாள். இந்தக் கேள்வியை அப்படியே, இதே சொற்களில், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஆண்ட்ரோஜன் எல்லாப் பெண்களின் உடலிலும் இருக்கிறது, உனக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அதனால்தான் முடி, அதற்கு வைத்தியம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். கழுத்துக் கறுப்பும் அப்படித்தான். அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அறிகுறி என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. வீட்டில் சின்ன வயதிலிருந்து "கழுத்தைத் தேய்ச்சுக் குளி" என்று கேட்டு வளர்ந்தவள், எலுமிச்சம்பழத்தையும் பீர்க்கங்காய் நாரையும் வைத்துத் தோல் உரியும்வரை தேய்க்கிறாள். தேய்த்துப் போகாதபோது தன்னையே அழுக்கானவளாக நினைத்துக்கொள்கிறாள். மாத்திரைச் சீட்டு எழுதுகிற நேரத்திலேயே இதைச் சொல்லிவிடலாம்.

2023-இல் வெளியான பிசிஓஎஸ்-க்கான சர்வதேச வழிகாட்டி இதை வெளிப்படையாகவே பேசுகிறது. மனச்சோர்வு, பதற்றம், தன் உடலைப் பற்றிய எண்ணம், தாம்பத்திய வாழ்வின் மீதான பாதிப்பு, உணவு உண்ணும் முறையில் வரும் கோளாறுகள் ஆகியவற்றை மருத்துவர் கவனிக்க வேண்டும் என்கிறது. எடையைச் சொல்லிப் புண்படுத்துவதே நோயாளிக்குக் கெடுதல் என்றும் சொல்கிறது. பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் வைத்தியத்துடனோ வைத்தியமில்லாமலோ தாயாகிறார்கள் என்பதும் உங்களுக்குப் பாடம். அப்படியிருக்க இருபது வயதுப் பெண்ணிடம் குழந்தை தங்காது என்று பயமுறுத்துவது எதற்காக? எடை குறைக்கத் தூண்டுவதற்காக என்று ஒரு டாக்டர் என்னிடமே சொன்னார். நான் பார்த்த வரையில் அந்தப் பயத்தால் யாரும் ஒழுங்காக நடைப்பயிற்சிக்குப் போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, நடுநிசியில் பசி தாங்காமல் பிஸ்கட் பாக்கெட்டைக் காலிசெய்துவிட்டு அழுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் அதிக எடை கொண்டவர்கள். அதாவது அது நம் ஊரில் சாதாரணமாகக் காணும் உடம்பு. எடையைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய் வரும் ஆபத்து உண்டு, பேசத்தான் வேண்டும். ஆனால் எடை பார்க்கும் எந்திரம் வரிசையில் எல்லோருக்கும் நடுவில் இருக்க, சிஸ்டர் எண்ணைச் சத்தமாகக் கூவி எழுதுகிற வழக்கத்தை நிறுத்த ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

அடுத்தது, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வி. அதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். உள் ஸ்கேன் செய்யலாமா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, எந்தத் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது தாலி கட்டிவிட்டதா என்பது அல்லவே. அவள் உடலுறவு கொண்டிருக்கிறாளா, அதில் ஏதாவது சிரமமோ வலியோ உண்டா, அது அவள் சம்மதத்தோடு நடந்ததா என்பதுதானே? அதை அம்மாவின் முன்னால், கதவு திறந்திருக்க, அடுத்த நோயாளி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கேட்டால் உண்மை வராது. கல்யாணம் ஆகவில்லை என்றதும் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் விடுகிறீர்கள். அவளும் எதுவும் சொல்லாமல் எழுந்துவிடுகிறாள். கல்யாணமாகாதவளுக்கு உடலுறவு சம்பந்தமாக ஒரு கேள்வியும் இருக்கக்கூடாது, இருந்தால் அவள் கெட்டவள் என்று அந்த இடத்திலேயே அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

18 வயது முடிந்தவளுக்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் உங்களைக் கட்டுப்படுத்துகின்றன. கருக்கலைப்புச் சட்டத்தில் கணவன் என்று இருந்த இடத்தில் துணை என்று 2021-இல் மாற்றப்பட்டது. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்று பிரித்துப் பார்ப்பது செல்லாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இத்தனை தூரம் வந்துவிட்ட பிறகும், ஒரு பெண்ணோடு தனியாக இரண்டு நிமிடம் பேச, "அம்மா, கொஞ்சம் வெளியில இருங்க, இது எல்லா நோயாளிக்கும் நாங்க செய்யிற வழக்கம்தான்" என்று சொல்ல நீங்கள் தயங்குகிறீர்கள். எல்லோருக்கும் செய்வது என்று சொல்லிவிட்டால் எந்த அம்மாவும் சந்தேகப்பட மாட்டார். என்னையும் அப்படியே வெளியே அனுப்புங்கள். நான் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இனி, சொல்லக் கூச்சமான விஷயம். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எங்கள் பெண்களுக்குத் தங்கள் பிறப்புறுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பள்ளிப் பாடத்தில் இருந்த கருப்பையின் படம் ஒன்று தெரியும். மற்றது எல்லாம் ஃபோனில் வரும் ஆபாசப் படங்களில் பார்த்தது. அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி, வெளுப்பாக, முடியில்லாமல் இருக்கிறது. தன்னுடையது கறுப்பாக, மடிப்புகள் நீளமாக, ஒரு பக்கம் பெரிதாக ஒரு பக்கம் சிறிதாக இருக்கிறதே என்று ஒருத்தி பல வருடம் மனசுக்குள்ளேயே குமைந்திருக்கிறாள். நிச்சயமான பிறகு தூக்கம் போய்விட்டது. அவள் கேட்டது, "அவர் பார்த்தா அருவருப்பா நினைப்பாரா, அக்கா?"

பருவமடையும்போது ஹார்மோன்களால் அந்த இடம் கறுப்பது இயல்பு. உள் மடிப்புகள் வெளியே தெரிவதும் இயல்பு. லண்டனில் 50 பெண்களை அளந்து பார்த்து 2005-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உள் மடிப்பின் நீளம் 2 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரையும், அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவிலிருந்து 5 சென்டிமீட்டர் வரையும் இருந்தன. வெறும் ஐம்பது பேரிலேயே இத்தனை வேறுபாடு. நீங்கள் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்தவர்கள். இந்த ஊரில் இதை அத்தாரிட்டியோடு சொல்லக்கூடியவர்கள் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. பரிசோதித்து முடித்து கையுறையைக் கழற்றும்போது, "உனக்கு எல்லாம் இயல்பா இருக்கும்மா. நிறமும் வடிவமும் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரிதான்" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அவள் கேட்கமாட்டாள். கேட்காமலே சொல்லுங்கள்.

இதைச் சொல்லாமல் விட்ட இடத்தில் வியாபாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2012-இல் அந்தரங்க உறுப்பை வெளுப்பாக்கும் திரவத்துக்கும், கல்யாணமான பெண்ணை மறுபடியும் கன்னி போல உணரச் செய்வதாகச் சொன்ன இறுக்கும் களிம்புக்கும் இந்தியாவில் டிவி விளம்பரம் வந்தது. பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. இன்றைக்கு அதே சரக்கு இன்ஸ்டாகிராமில் வருகிறது. விற்கிறவர்களில் சிலர் வெள்ளை கோட்டு போட்ட உங்கள் சக மருத்துவர்கள். லேசரால் வெளுப்பாக்குதல், இறுக்குதல், கன்னித்திரை தைத்தல் என்று கட்டணச் சலுகையோடு ரீல்ஸ் போடுகிறார்கள். இப்படிப்பட்ட லேசர் கருவிகளால் தீக்காயம், தழும்பு, உடலுறவில் வலி, தீராத வலி ஏற்படுவதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 ஜூலையில் பகிரங்கமாக எச்சரித்தது. நோயாளிகளைக் கவர விளம்பரம் செய்வது நம் நாட்டு நடத்தை விதிகளின்படியே தவறு. வெளியாள் செய்தால் வழக்குப் போடலாம். உங்களுக்குள்ளேயே ஒருவர் செய்யும்போது உங்கள் சங்கம் ஏன் வாய்மூடி இருக்கிறது? மாநாடு நடத்துகிறீர்கள், மேடையில் அவருக்கும் பொன்னாடை போர்த்துகிறீர்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முகத்துக்குப் பூசும் சிவப்பழகு க்ரீம்களின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கேரளத்தில் கோட்டக்கல்லில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்தவர்களிடம் விசாரித்ததில் பலர் பாதரசம் கலந்த அத்தகைய க்ரீம்களைப் பூசியிருந்தது தெரியவந்தது. அதே டப்பாக்களை எங்கள் பெண்கள் இப்போது தொடை இடுக்கிலும் பூசுகிறார்கள். ஓபி-யில் நேரடியாகக் கேளுங்கள், காட்டுவார்கள்.

கன்னித்திரை பற்றியும் நீங்கள்தான் பேச வேண்டும். அதைப் பார்த்து ஒருத்தி உடலுறவு கொண்டவளா இல்லையா என்று சொல்ல முடியாது என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் உறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தடைசெய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்கிறவர் நடத்தைத் தவறு செய்தவராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் கன்னித்தன்மை மீண்டும் வந்து, கண்டனம் எழுந்து, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. பாடத்திட்டம் எழுதுகிறவர்களே இப்படித் தடுமாறும்போது, மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்க உள்ளே வைக்கும் மென்ஸ்ட்ருவல் கப்பால் கன்னித்திரை கிழிந்துவிடுமா, கபடி ஆடியதால் முதலிரவில் ரத்தம் வராமல் போய்விடுமா என்று ஒரு பெண் பயந்து சாவது ஆச்சரியமா? முதல் உறவில் ரத்தம் வராமலே இருப்பது சகஜம் என்பதை அவளிடமும் சொல்லுங்கள், முடிந்தால் மாப்பிள்ளையிடமும் சொல்லுங்கள்.

வலியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டியிருக்கிறது. விடுதியை விட்டுப் போய்க் கல்யாணமான பெண்கள் சில மாதம் கழித்து ஃபோன் செய்வார்கள். முதலில் நலம் விசாரிப்பு. அப்புறம் நீண்ட மௌனம். அப்புறம், "அக்கா, எங்களுக்குள்ள இன்னும் ஒண்ணும் நடக்கல." நெருங்கினாலே உடம்பு இறுகிவிடுகிறது, கத்தி குத்துவது போல் வலிக்கிறது, தொடைகள் தானாக மூடிக்கொள்கின்றன என்பார்கள். இது வஜினிஸ்மஸ் என்று நான் உங்களில் ஒருவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன், அவருக்கு என் நன்றி. ஆனால் அந்தப் பெண்கள் போன இடங்களில் கேட்டது வேறு. "கொஞ்சம் பொறுத்துக்கணும்மா, எல்லாப் பொம்பளைங்களும் பொறுத்துக்கிட்டவங்கதான்." "சின்னக் குழந்தையா நீ?" "மயக்க மருந்து குடுத்து ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணிடலாம்." ஒருத்திக்குக் கருத்தரிப்பு மையத்தில், உடலுறவே நடக்கவில்லை என்று தெரிந்தும், விந்தணுவை மெல்லிய குழாய் வழியாகச் செலுத்திக் கர்ப்பமாக்கிவிடலாம் என்றார்கள். அவளுடைய வலி என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் கேட்ட பேரப்பிள்ளை வந்துவிட்டால் போதும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி, சிறியதிலிருந்து பெரியதாகப் படிப்படியாக உள்ளே வைத்துப் பழக்கும் டைலேட்டர் என்ற கருவிகள், மனநல ஆலோசனை, கணவனுக்கும் சேர்த்து அறிவுரை என்று இதற்கு நல்ல பலன் தரும் வைத்தியம் உண்டு. 1970-இலேயே மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் வேறொன்றையும் எழுதினார்கள். நெருக்கமான நேரத்தில் ஒருவர் தன் உணர்வில் இல்லாமல், வெளியே நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் நிலை. வயிறு தெரிகிறதா, தொடையில் கோடுகள் தெரிகின்றனவா, வாடை வருகிறதா என்று அவள் தன்னையே கண்காணித்துக்கொண்டிருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்கு இன்பம் எங்கிருந்து வரும்? அந்தக் கண்காணிப்பை அவள் பிறக்கும்போதே கொண்டுவரவில்லை. சடங்கு வீட்டில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து, பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைக் குறைசொன்ன நாள் வரை எல்லோருமாகச் சேர்ந்து கற்றுக்கொடுத்தது. உங்கள் பரிசோதனைக் கட்டிலிலும் அதே பாடம் நடக்கக்கூடாது என்பதுதான் என் வேண்டுகோள். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். தன் உடம்பின் மேல் தனக்கு உரிமை உண்டு என்பதை அவள் முதன்முதலாக அங்கேதான் உணர்ந்து பார்க்கிறாள்.

அரசு மருத்துவமனை டாக்டர்கள் இதைப் படித்துவிட்டு, நூறு பேர் நிற்கும் வரிசையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம். அந்த நெருக்கடியை நான் வெளியே நின்று பார்க்கிறேன். அது உங்கள் தவறு இல்லை, அரசின் தவறு. 2014-இல் தொடங்கிய வளரிளம் பருவத்தினர் சுகாதாரத் திட்டம் 10 முதல் 19 வயது வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஒரு பெண் அரசின் கண்ணில் படுவது பெரும்பாலும் கர்ப்பமாகி, கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவு எண் வாங்கும்போதுதான். நடுவில் இருக்கும் ஆறேழு வருடம், எங்கள் விடுதியில் இருக்கும் அந்த வயது, யார் கவனத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் ஒரு பிற்பகல், கர்ப்பமில்லாத இளம்பெண்களுக்கென்று ஒரு ஓபி, ஒரு ஆலோசகர், ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று சுகாதாரத் துறையிடம் நீங்கள் கேட்டால் காது கொடுப்பார்கள். விடுதி வார்டன் கேட்டால் யார் கேட்பது?

1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட முடியாமல் பெண்கள் பிரசவத்தில் சாவதைப் பார்த்துத்தான் படிக்க வந்தார். பின்னால் அவர் தொடங்கிய மருத்துவமனை இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பெயரில் நிற்கிறது. பெண்கள் கூச்சமில்லாமல் பேச ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே நம் மாநிலத்தில் உங்கள் துறை வளர்ந்தது. அந்த இடத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்கும் உட்கார ஒரு நாற்காலி போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

திருச்சியில் உள்ள மற்ற பெண்கள் விடுதிக் காப்பாளர்கள் சிலரும் நானும் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரிக்கிறோம். பெண்ணோடு தனியாகப் பேசுகிறவர், கல்யாணத்தைக் காரணம் காட்டி வைத்தியத்தைத் தள்ளிப்போடாதவர், வெளுப்பாக்கும் இறுக்கும் சிகிச்சைகளை விற்காதவர், வலி என்றால் நம்புகிறவர் ஆகியோரின் பெயர்கள் மட்டும் அதில் இருக்கும். ஆண் மருத்துவர், பெண் மருத்துவர் என்ற வேறுபாடு கிடையாது. இனி எங்கள் பெண்களை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அனுப்பப் போகிறோம். வரும் நாட்களில் உங்கள் கிளினிக்குக்கு ஃபோன் செய்து இந்த நான்கையும் கேட்போம். வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விடுதிக் காப்பாளர்,
திருச்சி